இலங்கை சென்ற சமாதானம்

கரண்ட் போனால் எங்கள் ஊரே செவிடாகிவிடும். நாள் முழுக்கத் தறிச் சத்தத்தில் கிடந்து பழகியவர்களுக்குச் சத்தம் நின்றால்தான் காது வலிக்கும். அன்றைக்கு மத்தியானமும் அப்படித்தான் நின்றது. உள்ளே புழுக்கம் தாங்காமல் பெண்கள் எல்லோரும் சலவை முற்றத்துக்கு வந்து சுவரோரம் நிழலில் உட்கார்ந்தோம்.

பேண்டேஜ் துணி தெரியும்தானே? ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுவார்களே, அந்தச் சல்லாத் துணி. ராஜபாளையத்துக்குக் கிழக்கே சத்திரப்பட்டிப் பக்கம் வீட்டுக்கு வீடு அதுதான் பிழைப்பு. வெளுத்த துணியை மூங்கில் கட்டி நீளநீளமாகக் காயப் போட்டிருந்தார்கள். மலைக்காற்று வந்தால் அத்தனையும் ஒன்றாக எழும்பும். காற்று நின்றால் ஒன்றாக விழும்.

காற்று நின்ற நேரத்தில் மெயின் ரோட்டில் ஒரு குரல் கேட்டது. மைக் கட்டிய ஆட்டோ.

"ஓர் துயரச் செய்தி..."

துணி எழும்பியது. குரல் மறைந்தது. துணி விழுந்தது.

"...இலங்கை சென்ற சமாதானம் காலமாகிவிட்டார். அன்னாரது இறுதி ஊர்வலம்..."

மறுபடியும் காற்று.

சமாதானம் என்பது என் வீட்டுக்காரர் பெயர். பட்டாளத்தில் இருந்தார். அப்போது இலங்கையில் இருந்தார்.

எனக்குப் பக்கத்தில் தோளோடு தோள் சாய்ந்து உட்கார்ந்திருந்தவள் மெதுவாகக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். அதை நான் கவனித்தேன். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஒரு பெண்ணிடம் இதை ஆட்டோவிலா வந்து சொல்வார்கள்?

அடுத்து எங்கள் வேதக்கோவில் மணி அடிக்க ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை மணி தடதடவென்று அடிக்கும். இது ஒரு அடி. பிறகு நெடிய நிறுத்தம். பிறகு இன்னொரு அடி. துக்க மணி.

ஒரு பெயர் படுத்திய பாடு

கிறிஸ்தவர்கள் வீட்டில் சமாதானம் என்று ஆம்பிளைப் பிள்ளைக்குப் பெயர் வைப்பது தென்பக்கத்தில் சாதாரணம். எங்கள் தெருவிலேயே ஒரு சந்தோஷம், ஒரு பொறுமை, ஒரு கிருபை எல்லாம் இருந்தார்கள். அதில் பொறுமை என்பவர் சைக்கிள் பஞ்சர் கடையில் தினமும் சண்டை போடுவார்.

தபால்காரர் எங்கள் வாசலில் சைக்கிளை நிறுத்தி, "என்ன பெரியம்மா, வீட்ல சமாதானம் உண்டுமா?" என்று கேட்பார். என் மாமியார், நான் அத்தை என்றுதான் சொல்வேன், கொஞ்சமும் யோசிக்காமல், "அது பட்டாளத்துக்குப் போயிட்டு. இங்கன நானும் எம் மருமவளுந்தான் இருக்கோம்" என்பார். தெருவே சிரிக்கும்.

புருஷன் பெயரைச் சொல்லும் வழக்கம் எனக்குக் கிடையாது. அந்தக் காலத்தில் யாருக்குமே கிடையாது. ரேஷன் கடைக்காரர் பெயர் கேட்டால், "சண்ட போட்டவுக பொறவு என்ன ஆவாக? அதுதான் அவிய பேரு" என்பேன். அவர் வேண்டுமென்றே, "டைவர்ஸா?" என்பார். இப்படி ஒரு கண்டுபிடிப்பு விளையாட்டாகவே அந்தப் பெயர் என் வாயில் வராமல் இருந்தது. அந்த மத்தியானம்வரை அந்தப் பெயரை நினைத்து நான் பயந்ததில்லை.

கொடியும் கரியும்

எங்கள் பக்கம் பட்டாளத்துக்கும் போலீசுக்கும் ஆள் அனுப்பாத தெரு இல்லை. இவர் இலங்கைக்குப் போகிறார் என்று தெரிந்தபோது கோவிலில் எழுப்பி நிறுத்தி ஜெபம் பண்ணினார்கள். "நம்ம ஆளுகளக் காப்பாத்தப் போறாரு" என்று லட்டுக்கூடக் கொடுத்தார்கள். நானும் கொஞ்சம் நிமிர்ந்துதான் நடந்தேன்.

சில மாதம்தான். அப்புறம் அங்கிருந்து வந்த சேதி வேறு மாதிரி இருந்தது. காப்பாற்றப் போனவர்களுக்கும் அங்கே இருந்தவர்களுக்கும் சண்டை என்றார்கள். ரேடியோவில் ஒன்று சொன்னார்கள், டீக்கடையில் ஒன்று சொன்னார்கள். கடையடைப்பு வந்தது, கறுப்புக்கொடி வந்தது, உண்ணாவிரதப் பந்தல் வந்தது.

குழாயடியில் ஒருத்தி என்னிடம் கேட்டாள்: "ஏட்டி ராணி, உன் வீட்டுக்காரரு நம்ம ஆளுகளயே சுடுதாராமே?"

"அவியளும் நம்ம ஆளுதான்" என்றேன்.

அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். இரண்டு பக்கமும் நம்ம ஆளு என்றால் நான் எந்தப் பக்கம் நிற்பது?

எங்கள் வீட்டுக்கு எதிர்ச் சுவரில் கரியால் எழுதியிருந்தார்கள்: 'இந்திய ராணுவமே, திரும்பி வா.' காலையில் வாசல் பெருக்கி நிமிர்ந்தால் அதுதான் கண்ணில் படும். படுக்கப் போகுமுன் நான் ஜெபத்தில் கேட்டதும் அதைத்தான். ஆனால் எழுதிய பிள்ளைகளிடம் போய், 'தம்பி, நானும் உங்க கட்சிதான்' என்று சொல்ல முடியுமா? அவர்கள் கண்ணில் நான் பட்டாளக்காரன் பெண்டாட்டி.

இந்தத் தொடரின் போன வாரப் பகுதியைப் படித்துவிட்டுச் சிவகாசியிலிருந்து ஒரு வாசகி, 'போராட்டம் பண்ணியவர்கள்மேல் உங்களுக்கு வருத்தம் உண்டா?' என்று கேட்டிருந்தார். அம்மா, எனக்கு வருத்தம் இல்லை. அவர்கள் கேட்டது நியாயம். கேட்ட விதத்தில்தான் எங்கள் வீட்டில் சாவு விழுந்தது.

அந்த மத்தியானத்துக்கு முன்பே இரண்டு மாதமாக அவரிடமிருந்து கடிதம் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

அடுப்பு அணைந்த வீடு

நான் வீட்டுக்கு ஓடி வந்து சேர்வதற்குள் வாசலில் பெஞ்சு போட்டாகிவிட்டது. எப்படித்தான் அவ்வளவு சீக்கிரம் பெஞ்சு கிடைக்கிறதோ தெரியவில்லை. கல்யாணத்துக்குக் கேட்டால் பத்து தடவை நடக்க வேண்டும்.

உள்ளே அடுப்பில் தண்ணீர் ஊற்றி அணைத்திருந்தார்கள். பாதி வெந்த சோறு பானையோடு கொல்லைப்பக்கம் இருந்தது. ஸ்டூல்மேல் அவருடைய பட்டாளத்துப் போட்டோ. அதற்கு யாரோ அரளி மாலை போட்டிருந்தார்கள். உயிரோடு போகும்போது எடுத்த படம், லேசாகச் சிரித்துக்கொண்டிருப்பார். மாலைக்குள் அந்தச் சிரிப்பு எனக்குப் புதிதாக இருந்தது. அந்த முகத்தை அதற்குமுன் நான் பார்த்ததே இல்லை என்று தோன்றியது.

சேத்தூரிலிருந்து என் நாத்தனார் தலைவிரி கோலமாக வந்து இறங்கினாள். தளவாய்புரத்திலிருந்து இவருடைய சித்தப்பா வீட்டு ஆட்கள் வந்தார்கள். மணியோசை கேட்டவர்கள் ஆளுக்கு ஆள் பஸ்ஸில் சொல்லிவிட, கேதம் அதன் காலிலேயே நடந்து போயிருந்தது. சாவுச் செய்தியை எங்கள் பக்கம் கேதம் என்போம். கேதம் கேட்டு வந்தவர்களிடம், 'உமக்கு யார் சொன்னது?' என்று கேட்கும் வழக்கம் இல்லை. அத்தை கேட்டார்.

சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அழவில்லை. வருகிறவர்கள் கட்டிக்கொண்டு அழ வந்தால் கையால் தடுத்து, "யாரு பாத்தா?" என்று கேட்டார். "ஆட்டோல சொன்னாக" என்றார்கள். "ஆட்டோக்காரன் பாத்தானா?" என்றார்.

மணி அடித்தவரையும் கூப்பிட்டு விசாரித்தார். எங்கள் கோவில்களில் மணி அடிப்பவரைக் கோயில்குட்டி என்போம்; எழுபது வயதானாலும் அவர் குட்டிதான்.

"தந்தி வந்துச்சா குட்டியாரே? ஆபீசர் வந்தாரா?"

"இல்ல ஆச்சி. மைக்ல தெளிவாச் சொன்னாக. எலங்க போன சமாதானம்னு. நம்ம சபையில வேற எந்தச் சமாதானம் எலங்க போச்சு?"

எங்கள் சபையின் உபதேசியார்தான் கடைசியில் சைக்கிளை எடுத்துக்கொண்டு, அந்த ஆட்டோவைத் தேடி ராஜபாளையம் போனார்.

இரண்டு பெண்கள் என் இருபக்கமும் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். தாலியைப் பற்றி மெதுவாகப் பேசினார்கள். நான் அங்கே இல்லாதது மாதிரி எனக்கு மேலே பேசினார்கள். அத்தைக்குக் கேட்டுவிட்டது.

"அவ கழுத்துல கை வச்சீயன்னா கைய ஒடிச்சிருவேன்" என்றார். குரலை உயர்த்தக்கூட இல்லை.

கோமதி அண்ணாச்சியின் நாக்கு

பொழுது சாயும்போது உபதேசியார் திரும்பினார். பின்னாலேயே மைக் ஆட்டோவும் வந்தது. அதிலிருந்து கோமதி அண்ணாச்சி இறங்கினார்.

கோமதிநாயகம் முழுப் பெயர். ராஜபாளையம் சுற்றுவட்டாரத்தில் யார் இறந்தாலும் ஊருக்குச் சொல்வது அவர் குரல்தான். சினிமாவும் சொல்வார், சேலைத் தள்ளுபடியும் சொல்வார். ஆனால் 'ஓர் துயரச் செய்தி' என்று அவர் குரல் தாழ்ந்தால் வீடுகளில் ரேடியோவை அணைப்பார்கள். ஆள் பார்க்க ஒல்லியாக, பயந்த சுபாவமாக இருப்பார். அந்தக் குரல் அவருக்குள் எங்கே இருக்கிறது என்று தெரியாது.

அவர் வாசல்படிக்குக் கீழேயே நின்று நடந்ததைச் சொன்னார். மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் போரை எதிர்த்து ஊர்வலம். சமாதானத்துக்காக இலங்கைக்குப் போன படை அங்கே சமாதானத்தைக் கொன்றுவிட்டது என்று காட்ட, பாடை கட்டித் தூக்கப் போகிறார்கள். கேதம் சொல்லுகிற மாதிரியே விளம்பரம் பண்ண வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்: 'இலங்கை சென்ற சமாதானம் காலமாகிவிட்டது.'

"காலமாகிவிட்டது-ன்னுதான் எழுதியிருந்தாக. நாந்தான் 'விட்டார்'னு சொல்லிட்டேன். செத்தவுகளை 'து' போட்டுச் சொல்லி எனக்குப் பழக்கமில்ல தங்கச்சி. நாக்கு வரல. ஒருத்தரு காலமாயிட்டாருன்னா மரியாதையாத்தான சொல்லணும்? அந்தப் பழக்கத்துல, அன்னாரதுன்னும் சேத்துட்டேன்."

ஒரு 'து' 'ஆர்' ஆனதில் நான் அரை நாள் விதவையாக இருந்தேன். நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை. ஏனென்றால் கோமதி அண்ணாச்சி சொன்னது பொய் என்றுதான் தெரிந்ததே தவிர, என் வீட்டுக்காரர் உயிரோடு இருக்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. காலையிலும் தெரியாதுதான். ஆனால் காலையில் அது என் மனசுக்குள்ளும் அத்தை மனசுக்குள்ளும் மட்டும் இருந்தது. இப்போது பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவர் முகத்திலும் இருந்தது.

அதைவிடப் பெரிய சங்கடம் வந்தவர்களுக்கு. துக்க வீட்டிலிருந்து கிளம்பும்போது 'போயிட்டு வாரேன்' என்று சொல்லக்கூடாது. பேசாமல் எழுந்து போய்விட வேண்டும். இது துக்க வீடா இல்லையா? சொல்லிவிட்டுப் போவதா, சொல்லாமல் போவதா? ஆளாளுக்கு எழுந்து நின்றார்கள், செருப்பைத் தேடினார்கள், ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள்.

சித்தப்பா தொண்டையைச் செருமி, "அப்ப நாங்க போயிட்டு வாரோம் மதினி" என்றார். அவரை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். சிலர் அவரைப் பார்த்துச் சொன்னார்கள். சிலர் தலையைக் குனிந்துகொண்டு சொல்லாமலே போனார்கள். யார் யார் சொல்லாமல் போனார்கள் என்று இப்போது கேட்டாலும் வரிசையாகச் சொல்லுவேன்.

என் நாத்தனார் போட்டோவிலிருந்து மாலையைக் கழற்றினாள். கழற்றிய மாலையை எங்கே போடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு வீட்டுக்குள் அங்குமிங்கும் நடந்தாள்.

தேரடி

மறுநாள் அத்தை வெளுத்த சேலை எடுத்துக் கட்டினார்.

"எங்க அத்தே?"

"சீலித்தூருக்கு. எம் மவனுக்கு ஊர்வலமாம்ல? பெத்தவ இல்லாம எப்படித் தூக்குவாக?"

நான் தனியாக விடவில்லை. நானும் கூடவே பஸ் ஏறினேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரடியில் நல்ல கூட்டம். கறுப்புத் துணி கட்டிய கல்லூரிப் பிள்ளைகள், மில் ஆட்கள், கைக்குழந்தையோடு பெண்கள், ஓரமாகப் போலீஸ். கூட்டம் நடுவில் பச்சை மூங்கிலில் பாடை. அதன்மேல் வைக்கோல் பொம்மை ஒன்றைக் கிடத்தியிருந்தார்கள். எங்கேயோ பிடித்த பழைய பட்டாளத்து உடுப்பு போட்டிருந்தார்கள். முகத்துக்குப் பதில் பேண்டேஜ் துணி சுற்றியிருந்தது. அது எங்கள் பக்கத்துத் துணி. தொடாமலே எனக்குத் தெரியும். நெஞ்சில் ஒரு அட்டை. அதில் பெரிய எழுத்தில் 'சமாதானம்'.

நான் பார்க்கக்கூடாது என்று நினைத்தேன். ஆனால் பார்த்துக்கொண்டே இருந்தேன். உயரம்கூடச் சரியாக இருந்தது. இடது கை மட்டும் கொஞ்சம் மடங்கி இருந்தது. இவர் அப்படித்தான் தூங்குவார். வைக்கோல் பத்தாமல் மடங்கியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒப்பாரிக்கு வந்திருந்த பெண்கள் மாரில் அடிக்க ஆரம்பித்தார்கள். நாலு பேர் குனிந்து பாடையில் கை வைத்தார்கள்.

"எறக்குங்க" என்றார் அத்தை.

ஊர்வலத்தை நடத்திய இளம் வக்கீல் ஓடி வந்தார். விஷயத்தைக் கேட்டதும் கையெடுத்துக் கும்பிட்டார். நல்ல பிள்ளை. "அம்மா, மன்னிச்சுக்கோங்க. இது உங்க மகன் இல்ல. இது ஒரு அடையாளம்" என்றார்.

"அடையாளமா? பட்டாளத்து உடுப்பு போட்டிருக்கு. எம் மவன் பேரு எழுதியிருக்கு. எலங்கைல செத்துட்டான்னு சுத்துப்பட்டிக்கெல்லாம் கேதம் சொல்லியாச்சு. இனி என்னய்யா அடையாளம் வேணும்?"

வக்கீல் அந்த அட்டையைத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க என்ன கேட்டு வந்திருக்கீய?"

"ராணுவம் திரும்பி வரணும்னு, அம்மா."

"அதத்தானய்யா நானும் கேக்கேன். வரச் சொல்லத்தான் வந்தீயன்னா, கூப்பிடுங்க. பொறவு எதுக்குப் பாடையக் கட்டி வழியனுப்புதீய?"

ஒப்பாரிப் பெண்கள் நிறுத்திவிட்டார்கள். வக்கீல் பாடையையும் பார்த்தார், கூட்டத்தையும் பார்த்தார். அப்புறம் ஆட்டோ பக்கம் திரும்பி, "அண்ணாச்சி, அம்மா சொல்றபடி சொல்லுங்க" என்றார்.

கோமதி அண்ணாச்சி மைக்கைப் பிடித்தார். "சமாதானமே!" என்றார்.

முதலில் கொஞ்சம் பேர்தான், "திரும்பி வா!" என்றார்கள்.

"சமாதானமே!"

"திரும்பி வா!"

மூன்றாவது தடவை தேரடியே கத்தியது. கோபுரத்திலிருந்து புறாக்கள் கிளம்பின. அத்தை என் கையைக் கிள்ளி, "ஏட்டி, கூப்பிடுட்டி. நீயும் கூப்பிடு" என்றார். கல்யாணம் ஆன நாளிலிருந்து என் வாயில் வராத பெயர். நான் கத்தினேன். இரைந்து, தொண்டை கிழிய, பேரைச் சொல்லிக் கத்தினேன்.

கத்தி முடித்ததும் யாருமே அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நின்றோம். அவ்வளவு பெரிய கூட்டம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. கோபுரத்தில் மோதிய எங்கள் 'வா' திரும்பி எங்களிடமே வந்தது. கொஞ்சம் தாமதமாக, கொஞ்சம் மாறிய குரலில் வந்தது. எங்களை யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து ஒரு குழந்தை அழுதது.

பொம்மையை எரிப்பதாக ஏற்பாடு. அத்தை விடவில்லை. அப்படியே ரோட்டில் போடவும் விடவில்லை. "பேரு வச்சாச்சு. இனி நடுத்தெருவுல கெடக்கக்கூடாது" என்றார். கடைசியில் கோமதி அண்ணாச்சி ஆட்டோவில் அத்தை, நான், எங்களுக்கு நடுவில் அது. வழியில் மக்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒவ்வொரு பள்ளத்திலும் அது என்மேல் சாய்ந்தது. நான் நகர்ந்து உட்கார இடமில்லை.

வீட்டுக்கு வந்ததும் அத்தை முதலில் அட்டையைக் கழற்றி அடுப்புக்கு மேலே பரணில் வைத்தார். உடுப்பை ஒரு கொடியில் போட்டார். வைக்கோலை உதறிப் பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போட்டார். மாடு முகர்ந்து பார்த்துவிட்டு விலகிப் போய் நின்றது. எரிப்பதற்காக மண்ணெண்ணெய் தெளித்திருந்தார்கள், அந்த வாடை என்று எனக்குத் தெரியும். அத்தை அப்படி நினைக்கவில்லை என்றும் எனக்குத் தெரியும்.

வந்தார்

கொஞ்ச நாளில் கடிதம் வந்தது. நலம் என்று எழுதியிருந்தார், வேறு ஒன்றும் இல்லை. எங்களுக்கு அது போதும். அத்தை சித்தப்பா வீட்டுக்குத்தான் முதலில் சொல்லி அனுப்பினார்.

அதற்குப் பிறகும் ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. படை திரும்பியது. கப்பலில் வந்து இறங்கியவர்களை வரவேற்க ஊரில் பெரிய உற்சாகம் இல்லை என்று பேசிக்கொண்டார்கள். எங்களுக்கு அதெல்லாம் ஒன்றும் பெரிதில்லை. ஒருநாள் காலை பஸ்ஸிலிருந்து டிரங்குப் பெட்டியோடு அவர் இறங்கி நடந்து வந்தார். கோயில்குட்டியார் அவரைக் கண்டு வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். பெண்கள் கையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள்.

கோமதி அண்ணாச்சி கதையை எல்லோரும் சேர்ந்து அவரிடம் சொல்லிச் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "எம் பேரயா கூப்பிட்டீய?" என்று மட்டும் கேட்டார். "அம்புட்டுப் பேருமா?"

இரண்டு மூன்று நாளில் ஒன்றைக் கவனித்தோம். "ஏலே சமாதானம்" என்று அத்தை கூப்பிட்டால் அவர் திரும்புவதில்லை. வெடிச் சத்தத்தில் காது போயிருக்கும் என்று ராஜபாளையத்தில் டாக்டரிடம் கூட்டிப் போனோம். காது நன்றாக இருக்கிறது என்றார். நன்றாகத்தான் இருந்தது. நான் சமையல்கட்டில் வளையல் கழற்றினால்கூட அவருக்குக் கேட்கும். தெருவில் யார் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் மட்டும், கையிலிருக்கும் வேலை அப்படியே நின்றுவிடும். தலை திரும்பாது. கூப்பிட்டவர் போகும்வரை மூச்சு விடாமல் இருப்பார்.

கோடை வந்தது. ஊரில் தண்ணீர்ப் பஞ்சம். ஒருநாள் காலை தெருவில் மைக் சத்தம்.

"தாய்மார்களே, தண்ணீர் லாரி வந்திருக்கிறது. எல்லோரும் வீட்டை விட்டு வெளியே வாருங்கள்..."

குடத்தோடு கிளம்பிய அத்தையை அவர் குறுக்கே வந்து தள்ளினார். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டு, அதன்மேல் முதுகைக் கொடுத்து நின்றார். "யாரும் வெளிய போவக்கூடாது. படுங்க, கீழ படுங்க" என்றார். அவர் கத்தவில்லை, ரகசியம் பேசுகிற மாதிரி சொன்னார். நானும் அத்தையும் தரையில் உட்கார்ந்தோம். வெளியே குடங்கள் முட்டிக்கொள்ளும் சத்தம், பெண்கள் ஏசிக்கொள்ளும் சத்தம், சிரிப்பு. அவர் ஒவ்வொரு சத்தத்துக்கும் கண்ணை மூடித் திறந்தார்.

"என்னங்க, தண்ணி லாரிதாங்க அது" என்றேன்.

அப்போதுதான் சொன்னார். கதவில் சாய்ந்தபடியே சரிந்து உட்கார்ந்து சொன்னார்.

"எங்க செக்‌ஷன்ல நான் ஒருத்தன்தான் தமிழ். ஒரு தெருவு. சண்ட வரப்போவுது, சனங்கள பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போயிருவோம்னாக. எங்கிட்ட மைக்கக் குடுத்தாக. கூப்பிட்டேன். யாரும் கதவத் தொறக்கல. பொறவு எம் பேரச் சொன்னேன். நான் தமிழ் ஆளு, ராஜபாளையம் பக்கம், எம் பேரு சமாதானம், பயப்படாம வாங்கன்னேன். ஒரு அக்கா சன்னலத் தொறந்து பாத்துச் சிரிச்சாக. 'சமாதானம் எண்டு பேராம், வாங்கோ பிள்ளையள்'னு உள்ள பாத்துச் சொன்னாக. அந்த வீடு தொறந்துச்சு. பாத்துட்டு மத்த வீடெல்லாம் தொறந்துச்சு."

வெளியே ஒரு குடம் விழுந்த சத்தத்துக்குக் கண்ணை மூடித் திறந்தார்.

"எங்கேருந்து வெடிச்சதுன்னு தெரியல. முன்னாலயும் வெடிச்சுது, பின்னாலயும் வெடிச்சுது. நான் வாய்க்கால்ல படுத்துக் கெடந்தேன். அந்த அக்கா ரோட்டுல கெடந்தாக. வேற பேரு தெரியாதுல்ல அவகளுக்கு. எம் பேரச் சொல்லித்தான் கூப்பிட்டாக. 'சமாதானம் தம்பி, சமாதானம் தம்பி'ன்னு. ரொம்ப நேரம் கூப்பிட்டாக. நான் போவல."

எனக்கு அழுகை வந்தது. ஆட்டோவில் கேதம் கேட்ட அன்றைக்கு வராத அழுகையும் சேர்ந்து வந்தது.

அத்தை எழுந்தார். பரணுக்குக் கீழே போய் எக்கி, அந்த அட்டையை எடுத்தார். அதில் எழுதியிருந்ததைப் பார்க்கக்கூட இல்லை. இரண்டாக மடித்து எரிகிற அடுப்பில் வைத்தார். பிறகு வந்து மகன் பக்கத்தில் குந்தி, அவர் முகத்தைத் துடைத்தார்.

"எய்யா" என்றார். "எந்திரிய்யா. கஞ்சி ஆறுது."

அவர் உடனே திரும்பிப் பார்த்தார்.

அன்றிலிருந்து அத்தைக்கு அவர் எய்யாதான். தேரடியையே திரட்டித் தன் மகன் பேரைக் கத்த வைத்த பொம்பிளை, கண்ணை மூடும்வரை அந்தப் பேரை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. கடைசி நாளில் நினைவு தப்பி யார் யார் பேரையோ சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோதும், அவரைக் கண்டதும், "எய்யா, வந்துட்டியா?" என்றுதான் கேட்டார்.